இலையுதிர்காலத்தில் அலாட்மெண்ட் கழகம்: கூட்டு நடையும் கேக் மேசையும் நம் வேலையா?

பதிவு 1 · வடலண்டன் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். வட லண்டனில் உள்ள ஓர் அலாட்மெண்ட் கழகத்தின், அதாவது காய்கறி பயிரிடத் துண்டு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்தவர்களின் சங்கத்தின், செயலாளராக இருக்கிறேன். எங்கள் கழகத்தில் குத்தகை ஆண்டு செப்டம்பர் 29 அன்று, மிக்கேல்மஸ் நாளில் தொடங்குகிறது. வாடகை வசூலாவதும், கைவிடப்பட்ட துண்டுகள் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர்களுக்குக் கைமாறுவதும் அந்த நாளையொட்டித்தான் நடக்கின்றன. இதனால் ஒரு சங்கடம் ஏற்படுகிறது. புதிதாகச் சேருபவர் வாயிற்சாவியை வாங்கிக்கொண்டு உள்ளே வரும் வேளையில், பழைய உறுப்பினர்களில் பலர் பூசணியையும் கடைசி உருளைக்கிழங்கையும் எடுத்து முடித்து, கொட்டகையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். வழிகாட்ட ஆள் மிகவும் தேவைப்படும் மாதங்களில் தோட்டம் வெறிச்சோடிக் கிடக்கிறது.

இதற்கு மருந்தாக, அக்டோபரிலும் நவம்பரிலும் சனிக்கிழமைகளில் ஒரு கூட்டு நடை, திரும்பி வந்ததும் பொதுக்கொட்டகையில் தேநீரும் உறுப்பினர்கள் வீட்டில் சுட்ட கேக்கும், அதன்பின் ஒரு மணி நேரம் பொதுவேலை என்று ஒரு திட்டத்தைக் குழுவில் முன்வைத்தோம். எதிர்ப்பு எழுந்தது. வேலிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும்தான் வாடகை தருகிறோம், நடைக்கும் கேக்குக்கும் வேறு சங்கங்கள் இருக்கின்றன என்கிறார்கள் சிலர். அவர்கள் சொல்வதை எளிதில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. உங்கள் கழகங்களில் இது எப்படி நடக்கிறது, இதனால் தோட்டத்துக்கு உண்மையில் ஏதேனும் நன்மை உண்டா என்று அறிய விரும்புகிறேன்.

பதிவு 2 · பழைய துண்டுக்காரர்

செயலாளர் அவர்களுக்கு வணக்கம். எதிர்ப்பவர்கள் பக்கத்தில் நின்று எழுதுகிறேன்.

1922-ஆம் ஆண்டின் அலாட்மெண்ட் சட்டம் நம் துண்டுக்கு ஓர் இலக்கணம் வகுத்திருக்கிறது. குத்தகைக்காரர் தாமும் தம் குடும்பமும் உண்பதற்கான காய்கறியையும் பழத்தையும் முழுமையாகவோ பெரும்பாலாகவோ விளைவிக்கும் நிலமே அலாட்மெண்ட் தோட்டம். பட்டியலில் ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் வெளியே நிற்கும்போது, உள்ளே இருப்பவர்களின் முதற்கடமை மண்ணைப் பேணுவதுதான்.

இலையுதிர்காலத்தில் வேலை இல்லை என்று நினைப்பதே அடிப்படைப் பிழை. பூண்டுப் பற்களை அக்டோபர், நவம்பரில் ஊன்றியாக வேண்டும். பத்து டிகிரிக்குக் கீழான குளிரில் ஒன்றிரண்டு மாதங்கள் கிடந்தால்தான் அந்தப் பல் பல பற்களாகப் பிரியும். வசந்தத்தில் தாமதமாக ஊன்றினால் பிரியாத ஒற்றைக் குமிழாகவே நின்றுவிடக்கூடும். குளிர்காலத்தைத் தாங்கும் வெங்காய நடவுக் குமிழ்களுக்குச் செப்டம்பரும் அக்டோபரும் உரிய பருவம். அக்வாடுல்ஸ் கிளாடியா என்ற பிராட் பீன்ஸ் வகையை நவம்பருக்குள் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போட்டுவிட்டால், வசந்தத்தில் விதைத்ததைக் காட்டிலும் சில வாரங்கள் முன்னதாகவே காய்க்கும். கறுப்பு அசுவினி பெருகும் முன்பே செடி முற்றிவிடுவதால் அதன் தொல்லையும் குறையும். காய்த்து ஓய்ந்த பீன்ஸ் கொடிகளை வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் அறுக்க வேண்டும். வெற்று மண்ணை மழை அரித்துச் செல்லாதிருக்கத் ரை என்ற தீவனத் தானியப் புல்லையோ ஃபீல்டு பீன்ஸையோ பசுந்தாளாக விதைக்க வேண்டும். ரைப் புல்லை மடக்கி உழுத கையோடு பொடி விதைகளைத் தூவக் கூடாது, ஏனென்றால் அதன் மட்கு அவற்றின் முளைப்பைத் தடுக்கும். சில வாரங்கள் விட வேண்டும் என்பதால் அதற்கான நாளையும் இப்போதே கணக்கிட வேண்டும். முட்டைக்கோசின் மீது காட்டுப்புறா இறங்காதிருக்க வலை கட்ட வேண்டும். இவ்வளவுக்கும் நமக்குக் கிடைக்கும் பகல் மிகக் குறைவு. அக்டோபரின் கடைசி ஞாயிறன்று கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகிறது. நவம்பர் நடுவில் லண்டனில் நாலேகால் மணிக்குள் சூரியன் மறைந்துவிடுகிறது.

வேலைக்குப் போகிறவர்களுக்கு எஞ்சுவது சனி, ஞாயிறு மட்டுமே. அந்தச் சனிக்கிழமைக் காலையை நடைக்குக் கொடுத்துவிட்டு, களைத்து வந்து, கேக் சாப்பிட்டு, பிறகு ஒரு மணி நேரம் மண்வெட்டி பிடிப்பார்கள் என்று நான் நம்பவில்லை. வேலை நாளை வேலை நாளாகவே அறிவியுங்கள். வருபவர் வரட்டும்.

பதிவு 3 · எப்பிங் நடையர்

மதிப்பிற்குரிய பழைய துண்டுக்காரர் ஐயா சொன்ன வேலைப் பட்டியலில் ஒரு சொல்லையும் நான் மறுக்கவில்லை. நடையும் நிலமும் தொடர்பற்ற இரண்டு பொழுதுபோக்குகள் என்ற எண்ணத்தைத்தான் மறுக்கிறேன். இங்கிலாந்தில் அவை இரண்டும் ஒரே வழக்கிலிருந்து பிறந்தவை.

ஊர்ப் பொதுநிலங்களை வேலியடைத்துத் தனியுடைமை ஆக்கிய காலத்தில், ஏழை உழைப்பாளிகள் ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இருந்த உரிமையை இழந்தார்கள். அந்த இழப்புக்கு ஈடாகத்தான் 1845-ஆம் ஆண்டின் பொது அடைப்புச் சட்டம், உழைக்கும் ஏழைகளுக்குக் கால் ஏக்கருக்கு மேற்படாத தோட்டங்களை ஒதுக்குவதற்கு வழி செய்தது. நாம் இன்று உரிமையோடு கேட்டுப் பெறும் துண்டின் வேர் அங்கே இருக்கிறது. அதே அடைப்பை எதிர்த்த மற்றொரு போராட்டத்தின் பயன்தான் லண்டனை ஒட்டிய எப்பிங் காடு. காட்டோரத்து லவுட்டன் ஊர்க்காரர்கள் குளிர்காலத்தில் ஹார்ன்பீம் மரக்கிளைகளை விறகுக்கு வெட்டும் உரிமையை விட்டுத்தர மறுத்தார்கள். வழக்குகள் நடந்தன. முடிவில் 1878-ஆம் ஆண்டின் எப்பிங் காடு சட்டம் வந்து, காடு லண்டன் மாநகர் நிர்வாகத்தின் பொறுப்பில் எல்லா மக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. கிளை வெட்டும் உரிமை அத்துடன் முடிவுக்கு வந்தது. அதற்கு ஈடாகக் கட்டப்பட்டு 1884-இல் திறக்கப்பட்ட லாப்பிங் ஹால் என்ற பொதுமண்டபம் லவுட்டனில் இன்றும் நிற்கிறது. காட்டுக்குள் போனால், தலை வெட்டப்பட்ட இடத்திலிருந்து பருத்த கிளைகள் புடைத்தெழும் பழைய ஹார்ன்பீம் மரங்களைப் பார்க்கலாம். இலை உதிர்ந்த பிறகுதான் அந்த உருவம் முழுமையாகத் தெரியும் என்பதால் நவம்பர் நடை அதற்கு மிகவும் ஏற்றது.

பிறகு 1932 ஏப்ரல் 24 அன்று டார்பிஷயரில் தனியார் வசம் இருந்த கிண்டர் ஸ்கவுட் மேட்டுநிலத்தில் தொழிலாளர்கள் கூட்டமாக அத்துமீறி ஏறியதும், அதையொட்டி ஐவர் சிறை சென்றதும், 1935-இல் நடைப்பயணிகளின் ராம்ப்ளர்ஸ் சங்கம் உருவானதும், 1949-இன் தேசியப் பூங்காச் சட்டமும், திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையை அளித்த 2000-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வரிசையில் வருகின்றன. இன்று வயல் நடுவே பொது நடைபாதையைக் காட்டும் மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டு யாரிடமும் அனுமதி கேட்காமல் நடக்க முடிகிறதென்றால், அதற்காகச் சிலர் விலை கொடுத்திருக்கிறார்கள். இதை ஓர் அலாட்மெண்ட்காரர் தம் காலால் நடந்து அறிவது கழகத்தின் வேலைக்குப் புறம்பானது என்று எனக்குத் தோன்றவில்லை.

நடைமுறைக்கு வருகிறேன். வழிநடத்துபவர் ஒரு வாரம் முன்னதாகவே அந்தப் பாதையை நடந்து பார்த்திருக்க வேண்டும், ஏனென்றால் கோடையில் உலர்ந்திருந்த வழி அக்டோபரில் முழங்கால் அளவு சேறாகியிருக்கலாம். 1:25,000 அளவிலான ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் வரைபடம் கையில் இருக்கட்டும். பச்சை நிறத்தில் குறுங்கோடுகளாக இருப்பது நடைபாதை, நெடுங்கோடுகளாக இருப்பது குதிரைகளும் செல்லும் பாதை. முன்னால் ஒருவர் வழிநடத்தும்போது, கூட்டத்தின் கடைசியில் நம்பகமான ஒருவர் யாரும் பின்தங்கிவிடாமல் பார்த்துக்கொண்டு வர வேண்டும். பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது இந்தக் கடைசி ஆள் விஷயத்தில்தான். மணிக்கு ஐந்து கிலோமீட்டர் என்ற பழைய கணக்கு, சமதரையில் தனியாக நடப்பவருக்கானது. வேலி தாண்டும் படிகளும் பேச்சும் சேர்ந்த கூட்டு நடைக்கு மூன்று, மூன்றரை என்று வைத்துக்கொண்டால் பொழுதோடு திரும்பலாம்.

பதிவு 4 · மதுரை வாசகி

நான் மதுரையிலிருந்து இந்த உரையாடலைப் படித்துவருகிறேன். தவறாக நினைக்க வேண்டாம், ஓர் அடிப்படையான கேள்வி. இந்தத் துண்டு வீட்டை ஒட்டிய நிலமாக இருப்பதில்லையா? அதன் பரப்பு எவ்வளவு இருக்கும், யார் அதைக் கொடுக்கிறார்கள்?

பதிவு 5 · பழைய துண்டுக்காரர்

நல்ல கேள்வி, அம்மா. வீட்டை ஒட்டியதன்று. ஊராட்சியோ நகராட்சியோ ஒரு பெரிய நிலத்தை வேலியிட்டுத் துண்டுகளாகப் பிரித்து ஆண்டுக் குத்தகைக்கு விடும்; பல இடங்களில் அதன் அன்றாட நிர்வாகத்தை உறுப்பினர் கழகமே ஏற்றுக்கொள்கிறது. ஒரு முழுத் துண்டு பத்து ராட், அதாவது ஏறத்தாழ 250 சதுர மீட்டர். நம் ஊர்க் கணக்கில் ஆறேகால் சென்ட் வரும். இப்போது கேட்பவர் அதிகம் என்பதால் பாதித் துண்டாகவே கொடுக்கிறார்கள்.

1908-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, போதிய துண்டுகள் இல்லாத ஊரில் வாக்காளர்களோ வரி செலுத்துவோரோ ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் உள்ளாட்சி அதைக் கருத்தில் கொண்டே ஆக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் உணவுக் கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டபோது, வெற்றிக்காகத் தோண்டுங்கள் என்ற அறைகூவலோடு பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் கொத்தப்பட்டு, துண்டுகளின் எண்ணிக்கை சுமார் 14 லட்சத்தை எட்டியது. பிறகு கட்டடங்களுக்காகப் பெருமளவில் பறிபோயிற்று. அலாட்மெண்டுக்கென்றே வாங்கிய நிலத்தை அமைச்சரின் ஒப்புதலின்றி உள்ளாட்சி விற்கக் கூடாது என்ற 1925-ஆம் ஆண்டுச் சட்டம் மட்டும் இல்லாவிட்டால் இன்னும் குறைந்திருக்கும். பாழாகக் கிடக்கும் துண்டைக் காட்டித்தான் இங்கே யாருக்கும் தேவையில்லை என்று வாதிடுவார்கள். நான் மண்வேலையை வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

பதிவு 6 · லீட்ஸ் வெதுப்புநர்

வணக்கம். யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் மேற்கு யார்க்ஷயரை வாழ்விடமாகவும் கொண்டவள். எங்கள் கழகத்தில் கேக் மேசைக்கு நான்தான் பொறுப்பு. பழைய துண்டுக்காரர் ஐயா வெதுப்பலை இடைச்செருகலாகக் கருதுகிறார் போலும். எங்கள் மேசையில் வருகின்ற பண்டங்களில் பெரும்பகுதி, துண்டில் மிஞ்சிப்போய் அழுகக் காத்திருந்த விளைச்சலிலிருந்து வருவது. அக்டோபரில் எவருடைய வீட்டிலும் இடமிராது. கோடை முடிவில் கவனிக்காமல் விட்ட கூர்ஜெட் என்ற பிஞ்சுச் சுரை வகை முற்றிப் பெரிய மாரோவாகிக் கிடக்கும். பழுக்காத தக்காளி கூடை கூடையாக இருக்கும். பிராம்லி அப்பிள் ஒரு மரத்துக்காரர் மட்டும் தின்று தீர்க்க முடியாத அளவுக்குக் காய்க்கும்.

பிராம்லியைப் பற்றி ஒரு செய்தி. நாட்டிங்ஹம்ஷயரின் சவுத்வெல்லில் 1809-இல் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபர்ட் என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து வந்த மரம் அது. பின்னாளில், 1846-இல், அந்த வீட்டை வாங்கிய பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரரின் பெயர் பழத்துக்கு நிலைத்துவிட்டது. விதையை ஊன்றியவளின் பெயரைச் சொல்வார் குறைவு. அதன் புளிப்பு பச்சையாக உண்ண ஒவ்வாத அளவுக்கு மிகுதி. சூடு பட்டவுடன் துண்டுகள் நுரைபோல் குழைந்துவிடும், புளிப்போ சீனிக்கு அடங்காமல் நிற்கும். பழத்தின் மேல் உதிர்மாவைத் தூவிச் சுடும் கிரம்பிளுக்கு இதைவிடச் சிறந்த பழம் இல்லை. 200 கிராம் மாவு, 100 கிராம் குளிர்ந்த வெண்ணெய், 100 கிராம் சீனி என்ற இரண்டுக்கு ஒன்றுக்கு ஒன்று கணக்கில் விரல்நுனியால் உதிர்த்து, சீவிய பழத்தின் மேல் அழுத்தாமல் தூவி, 180 டிகிரியில் ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் வைத்தால் போதும். அழுத்தினால் மேற்பரப்பு இறுகிப் பாளமாகிவிடும். இதில் முட்டை சேராது என்பதால் எங்கள் கழகத்தில் முட்டை உண்ணாத சைவக் குடும்பங்களும் தயக்கமின்றி எடுத்துக்கொள்கின்றன.

யார்க்ஷயரில் நவம்பர் 5 அன்று தீ மூட்டிக் கொண்டாடும் நெருப்பு இரவுக்கு உரிய பண்டம் பார்க்கின். ஓட்ஸ் நொய், மாவு, கறுப்பு ட்ரீக்கிள், கோல்டன் சிரப் என்ற இரு சர்க்கரைப் பாகுகள், வெண்ணெய், இஞ்சித் தூள் சேர்ந்த ஈரக் கேக். இதை 160 டிகிரி போன்ற தணிந்த சூட்டில் ஒரு மணி நேர அளவில் சுட்டு, அன்றே வெட்டாமல், தாளில் சுற்றித் தகரப் பெட்டியில் மூன்று நான்கு நாள்கள் மூடி வைக்க வேண்டும். அந்த இடைவெளியில் ஓட்ஸ் ஈரத்தை உறிஞ்சி, மேற்புறம் பிசுபிசுப்பாகி, இஞ்சியின் காரம் உள்ளே பரவும். செவ்வாயன்று சுட்டதைச் சனிக்கிழமை பரிமாறலாம் என்பது உழைக்கும் பெண்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் அறிவேன்.

கவனமாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. ஒவ்வொரு தட்டின் முன்னும் அதிலுள்ள பொருள்களை எழுதி வைக்க வேண்டும். இந்நாட்டு உணவுச் சட்டம் ஒவ்வாமை தரும் பொருள்கள் என்று பதினான்கைக் குறிப்பிடுகிறது. கோதுமையும் பாலும் முட்டையும் கொட்டைகளும் எள்ளும் அவற்றில் அடக்கம். நம்மவர்களுக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடையில் வாங்கும் மின்ஸ்மீட் என்ற பழக்கலவையில் மாட்டுக் கொழுப்பு இருக்கக்கூடும்; தாவரக் கொழுப்புச் சேர்த்ததும் கிடைக்கிறது. கிறிஸ்துமஸை ஒட்டி மின்ஸ் பை கொண்டுவருபவரிடம் இதைக் கேட்டு எழுதி வைப்பது மரியாதையான செயல்.

பதிவு 7 · ஈஸ்ட்ஹாம் உறுப்பினர்

லீட்ஸ் அக்கா எழுதியதைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஆயினும் யாரும் கேட்காத ஒரு கேள்வியை நான் கேட்டாக வேண்டும். கேக்கை யார் சுடுகிறார்கள், கோப்பையை யார் கழுவுகிறார்கள்? நான் இதுவரை பார்த்த கழகங்களில், குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய பொறுப்புகளில் பெரும்பாலும் ஆண்கள் இருக்க, கேக் மேசையும் தேநீர்க் கெண்டியும் தாமாகவே பெண்களிடம் வந்து சேர்கின்றன. அந்தப் பெண்களுக்கும் துண்டு இருக்கிறது. அவர்களுடைய பூண்டும் அந்த வாரத்திலேயே ஊன்றப்பட வேண்டும். இதைச் சரிசெய்யாமல் திட்டத்தைத் தொடங்கினால், ஒரு பருவம் முடிவதற்குள் சோர்வு வரும், பிறகு மனக்கசப்பு வரும். துண்டு எண்ணின் வரிசைப்படி பொறுப்பு சுழல வேண்டும் என்று முதல் கூட்டத்திலேயே எழுதி முடிவு செய்யுங்கள். சுடத் தெரியாதவர் ரொட்டியும் சட்னியும் கொண்டுவரட்டும், அல்லது கழுவட்டும்.

பதிவு 8 · ரெடிங் புதியவர்

சென்ற இலையுதிர்காலத்தில் துண்டு பெற்றவள் நான். செயலாளர் குறிப்பிட்ட அந்தப் புதியவரின் நிலையிலிருந்து எழுதுகிறேன்.

எனக்குக் கிடைத்தது முள்பிளாக்பெர்ரிப் புதரும், பைண்ட்வீட் கொடியும், கூச் புல்லும் பின்னிக் கிடந்த பாதித் துண்டு. குத்தகை விதிகளின்படி குறிப்பிட்ட காலத்துக்குள் குறிப்பிட்ட பகுதியைப் பயிரிட்டாக வேண்டும், இல்லையேல் எச்சரிக்கைக் கடிதம் வரும் என்று அறிவிப்புப் பலகை சொல்லியது. எங்கிருந்து தொடங்குவதென்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. அப்போது கழகம் ஒரு நடைக்கு அழைத்தது. தேம்ஸ் கரையோரமாக நடந்த அந்தக் காலையில், அறுபதைக் கடந்த ஒரு பெண்மணி என்னோடு நடந்தார். நடக்கும்போது பேசுவது எளிதாக இருக்கிறது. முகத்தைப் பார்த்துக் கேட்கக் கூச்சப்படும் கேள்வியைப் பக்கத்தில் நடப்பவரிடம் கேட்டுவிடலாம். முழுத் துண்டையும் ஒரேயடியாகக் கொத்த வேண்டாம், கூச் புல்லின் வேரை இயந்திரத்தால் உழுதால் ஒவ்வொரு துணுக்கும் தனிச் செடியாகிவிடும், கால் பங்கை மட்டும் மண்கிளறும் தோட்ட முள்கரண்டியால் கிளறி வேரைக் கையால் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியை அச்சுமையும் ஒட்டுநாடாவும் இல்லாத அட்டையால் மூடி மேலே மட்குரம் போட்டு வைக்குமாறு அவர் சொன்னார். பைண்ட்வீட் அட்டைக்கு அடங்காது, அதை ஆண்டுக்கணக்கில் விடாமல் பிடுங்க வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். அடுத்த வாரம் தம் முள்கரண்டியையே எனக்குக் கடனாகத் தந்தார்.

வேலை நாள் அறிவித்தால் வருபவர் வரட்டும் என்று பழைய துண்டுக்காரர் ஐயா எழுதியிருந்தார். வேலை தெரிந்தவருக்கு அது சரி. எனக்கு வேலை தெரியாது என்பதாலேயே வேலை நாளுக்குப் போகத் தயங்கினேன். நடைக்குப் போவதற்கு ஒன்றும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு வேண்டுகோள். எங்கள் கழகத்தில் நெடுந்தூரம் நடக்க இயலாதவர்களும் இருக்கிறார்கள். நீண்ட நடையோடு, வேலி தாண்டும் படிகள் இல்லாத, அரை மணி நேரத்தில் முடியும் ஒரு சிறு சுற்றையும் வையுங்கள். இரு குழுவும் ஒரே நேரத்தில் கொட்டகைக்குத் திரும்பினால் ஒருவரும் விலக்கப்பட்டதாக உணர மாட்டார்கள்.

பதிவு 9 · பழைய துண்டுக்காரர்

ரெடிங் புதியவர் எழுதியதை இருமுறை படித்தேன். தெரியாதவருக்கு வேலை நாளே ஒரு தடையாக இருக்கும் என்பதை ஏற்கிறேன்.

ஈஸ்ட்ஹாம் உறுப்பினர் கேட்ட கேள்வியும் நியாயமானது. என் எதிர்ப்பு இப்போது ஒரே இடத்தில் நிற்கிறது. இரண்டு மாதங்களுக்கு எல்லாச் சனிக்கிழமைகளையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதம் ஒன்று போதும். பிறகு, நடையில் காட்டிலிருந்து இலைச் சருகை மூட்டை கட்டி வரும் பழக்கத்தைத் தொடங்கிவிடாதீர்கள். இலை மட்கு செய்வதற்குச் சருகு தேவைதான். பூஞ்சைகளால் மெல்ல மட்கும் அதற்கு ஓராண்டு முதல் இரண்டாண்டு ஆகும், உரச்சத்து குறைவென்றாலும் மண்ணின் இழையைத் திருத்த அதற்கு நிகரில்லை. ஆனால் காட்டின் சருகு காட்டு மண்ணுக்கே உரியது. நம் தெருவோர மரச் சருகையும் நம் வேலியோரச் சருகையும் கோழிவலைக் கூட்டில் சேர்த்தாலே போதும்.

பதிவு 10 · எப்பிங் நடையர்

முழுமையாக உடன்படுகிறேன், ஐயா. நடைவழியில் எதைப் பறிக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். 1968-ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டம், தானாக வளர்ந்த செடியின் பழம், பூ, இலை, காளான் ஆகியவற்றை விற்பனைக்காக அன்றித் தன் தேவைக்குப் பறிப்பதைத் திருட்டாகக் கொள்வதில்லை. நிலக்காரரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குவதை 1981-ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் தடுக்கிறது. இவற்றுக்கு மேல் உள்ளூர் விதிகள் உண்டு. எப்பிங் காட்டில் காளான் பறிப்பதற்குத் தடை இருக்கிறது. ஆகவே வேலியோரத்தில் பிளாக்பெர்ரி பறித்துக் கிரம்பிளில் சேர்ப்பது தகும், காளானைத் தொடாமல் விடுவதே நன்று. பெயர் தெரியாத காளானை உண்டு உயிரிழக்கும் ஆபத்தும் அதில் இருக்கிறது.

மேற்கு லண்டன்காரர்கள் ரிச்மண்ட் பூங்காவைத் தேர்ந்தால், அக்டோபர் மான்களின் இணைசேரும் பருவம் என்பதை மறக்க வேண்டாம். கலைமான்களிடமிருந்து குறைந்தது ஐம்பது மீட்டர் விலகி நடக்க வேண்டும், நாய்களை அழைத்துச் செல்லாதிருப்பது நலம்.

மாதம் ஒரு நடை என்றால், அதில் ஒன்றை வேறொரு கழகத்தின் தோட்டத்தில் முடியும்படி அமைக்கலாம். நாட்டிங்ஹமின் செயின்ட் ஆன்ஸ் அலாட்மெண்ட் 75 ஏக்கர் பரப்புடையது. விக்டோரியா காலத்துத் தோட்டங்கள், அவற்றின் உயர்ந்த வேலிச்செடிகளோடும் சிறு கோடைவீடுகளோடும் பாதுகாக்கப்பட்ட மரபுச்சின்னமாக இரண்டாம் நிலை நட்சத்திரப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. லண்டனிலிருந்து ஒரு நாளில் போய்வரலாம். நிலத்தை இழக்காமல் காத்தவர்களின் தோட்டத்தை ஒருமுறை பார்த்தவர் தம் துண்டைப் பாழாக விட மாட்டார் என்பது என் உறுதியான நம்பிக்கை.

பதிவு 11 · வடலண்டன் செயலாளர்

எழுதிய அனைவருக்கும் நன்றி. நேற்றைய குழுக் கூட்டத்தில் இந்தப் பதிவுகளை அச்செடுத்து வைத்தேன். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மட்டும் நடை என்று முடிவாகியிருக்கிறது. நீண்ட சுற்று, சிறு சுற்று என இரண்டு இருக்கும். கேக், தேநீர், கழுவுதல் ஆகியவை துண்டு எண் வரிசையில் சுழலும். தலைவரின் துண்டு முதல் எண் என்பதால் அக்டோபரில் அவரே தொடங்குகிறார். அக்டோபர் 21 ஆப்பிள் நாளை ஒட்டி உறுப்பினர்களின் மரங்களிலிருந்து பழம் சேகரித்து, அடிபடாதவற்றைத் தனித்தனியே செய்தித்தாளில் சுற்றி வைக்கவும், அடிபட்டவற்றை அன்றே சட்னிக்கும் கிரம்பிளுக்கும் அனுப்பவும் லீட்ஸ் அம்மா எழுதியதைப் படித்த ஒருவர் முன்வந்திருக்கிறார். நெருப்பு இரவுக்கு எங்கள் தோட்டத்தில் தீ மூட்டக் குத்தகை விதி இடம் தராது என்பதால் பார்க்கின் மட்டும் உண்டு. குவித்து வைத்த குச்சிகளில் முள்ளெலி தங்கியிருக்கக்கூடும் என்பதனால் அவற்றை வசந்தம் வரை கலைக்காமல் விடுகிறோம்.

எஞ்சிய ஐயம் ஒன்று. நவம்பர் நடைக்குப் பின் பொதுவேலைக்கு ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்க வேண்டுமென்றால் எப்போது புறப்பட வேண்டும்?

பதிவு 12 · எப்பிங் நடையர்

காலை ஒன்பதரைக்கு வாயிலில் கூடி, பத்து மணிக்குள் புறப்பட்டுவிடுங்கள். ஏழு கிலோமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். பன்னிரண்டரைக்குத் திரும்பலாம், ஒன்றரை வரை தேநீர். அதன்பின் இரண்டரை வரை வேலை செய்தாலும், கருவிகளைக் கழுவிப் பூட்டுவதற்கு வெளிச்சம் மிஞ்சும்.

பதிவு 13 · பழைய துண்டுக்காரர்

அந்த ஒரு மணி நேரத்தில் புதியவர்களின் துண்டுகளில் பூண்டு ஊன்றிவிடலாம். பதினைந்து சென்டிமீட்டர் இடைவெளி, முனை மேல்நோக்கி, மண்ணுக்குள் இரண்டரை சென்டிமீட்டர். கடையில் சமையலுக்கு விற்கும் பூண்டு வெப்ப நாட்டு வகையாக இருக்கக்கூடும், நோயையும் கொண்டுவரலாம் என்பதால் நடவுக்கென்று விற்பதையே இப்போதே வாங்கி வையுங்கள். நவம்பரில் நல்ல வகைகள் தீர்ந்துபோகும்.